லியேஜ் முத்திரையும் சாமராஜநகர்ப் பரணும்

இன்றைய சாமராஜநகர் மாவட்டம் 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது என்றாலும், அதன் நிலப்பரப்பு இரண்டு வேறுபட்ட ஆட்சிமுறைகளின் கீழ் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அரிகுட்டாரா என்ற பழைய பெயர் மாற்றப்பட்டு, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரால் 1818-இல் தம் தந்தையின் நினைவாகச் சாமராஜநகர் எனப் பெயரிடப்பட்ட ஊரும் அதைச் சுற்றியிருந்த நாடும் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருக்க, கிழக்கே கொள்ளேகாலம் வட்டமோ 1799-இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்காகச் சென்று, கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தில் நீடித்தது. ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் ஒரே காட்டுப்பன்றியும் ஒரே யானையும் ராகிக் கொல்லையை மேய்ந்தன. ஆனால் கொல்லையைக் காக்கப் பரண் கட்டியவன் துப்பாக்கி உரிமம் கேட்டுச் செல்ல வேண்டிய கச்சேரி ஒரு பக்கத்தில் கோயம்புத்தூராகவும் மறுபக்கத்தில் மைசூராகவும் இருந்தது. இவ்விரு அலுவலகங்களின் ஏடுகளிலும் இந்தியா முழுவதும் இருந்த பிற உரிம ஏடுகளிலும் பதியப்பட்ட துப்பாக்கிகளில் ஒரு வகை பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரிலிருந்து வந்தது. அவ்வகையில் துளை சிறுத்த துப்பாக்கிகளை அடையாளம் காண்பதும் அவற்றை ஆபத்தின்றிச் சுடுவதும் எளிய செயல்கள் அல்ல என்பதற்குக் காரணம், ஏட்டில் எழுதப்பட்ட பெயரும் இரும்பில் பொறிக்கப்பட்ட பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இல்லாததே.

துப்பாக்கி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. ஹைதரும் திப்புவும் ஸ்ரீரங்கபட்டணத்திலும் பிற ஊர்களிலும் நடத்திய பட்டறைகளில் பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையுடன் கைத்துப்பாக்கிகளும் நெடுந்துப்பாக்கிகளும் செய்யப்பட்டன. அவற்றில் புலித்தலை வேலைப்பாடும் திப்பு வகுத்த மவ்லூதி ஆண்டுக் கணக்கும் பொறிக்கப்பட்ட சில இன்றும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் அவை அரசனின் படைக்கலங்கள். குடியானவனின் கருவி அல்ல. மைசூர் அரசின் கால்வாய்ப் பணியில் இருந்து, சாமராஜநகருக்கு அருகே மோர்லே என்னுமிடத்தில் வீடு கட்டி வாழ்ந்து, பின்னர் யானை பிடிக்கும் கெட்டா முறையை அப்பகுதியில் நடத்திய ஜி. பி. சாண்டர்சன், 1878-இல் வெளியிட்ட நூலில் அவ்வட்டார மக்கள் வலை கட்டி ஈட்டியால் சிறுத்தையையும் புலியையும் மடக்கிய முறையை விரிவாக எழுதியிருக்கிறார். அதே சாண்டர்சன் யானைக்குப் பயன்படுத்திய துப்பாக்கி நான்காம் எண் துளையுடையது. அவ்வளவு பெரிய துப்பாக்கியைத் தோளில் ஏந்திய துரையும், வலையும் ஈட்டியும் ஏந்திய ஊராரும் ஒரே காட்டில் நின்ற அந்தக் காலத்தில், இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. மலிவான, எடை குறைந்த, கௌதாரிக்கும் காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் போதுமான ஒரு துப்பாக்கிக்கான இடம் அது.

இங்கே துளையளவு என்ற சொல்லை விளக்க வேண்டும். உரிமத் தாள்களிலும் கடைப் பேச்சிலும் ‘12 போர்’, ‘16 போர்’ என்று வழங்கும் எண், ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்துமோ அந்த எண்ணிக்கையைக் குறிக்கும். ஆகையால் எண் கூடக் கூடத் துளை குறுகும். நான்காம் எண்ணுக்கு உருண்டை ஒன்று ஏறத்தாழ 113 கிராம். பன்னிரண்டுக்கு 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இருபத்தெட்டுக்கு 16 கிராம் மட்டுமே. துளையின் விட்டத்தில் இவை பன்னிரண்டுக்குச் சுமார் 18.5 மில்லிமீட்டர், இருபதுக்கு 15.6, இருபத்துநான்குக்கு 14.7, இருபத்தெட்டுக்கு 14.0, முப்பத்திரண்டுக்கு 13.4 என அமையும். ‘நானூற்றுப்பத்து’ எனப்படுவது மட்டும் இந்தக் கணக்குக்குள் வராமல், துளையை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காக அளந்து 410 என்று வைத்த பெயர். அதன் துளை 10.4 மில்லிமீட்டர். சிறுதுளைத் துப்பாக்கி என்று இக்கட்டுரையில் சொல்லப்படுபவை இருபத்துநான்கும் அதற்குக் குறைந்த துளையும் உடையவை. ஆங்கிலேயர் இச்சிறுதுளைகளைப் பெரும்பாலும் சிறுவர்க்கும் பெண்களுக்கும் உரியவையாக ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், பெல்ஜியரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் அவற்றை முழுவளர்ந்த வேட்டைக்காரனின் கருவியாகவே செய்தார்கள். ஆகவே இந்தியாவில் ஒரு பழைய இருபத்துநான்கோ முப்பத்திரண்டோ கண்ணில் பட்டால், அது ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று முதலில் கருதிக்கொண்டு, பிறகு முத்திரைகளைப் பார்ப்பது நல்லது.

இச்சிறு துளைகளுக்கு வேறொரு பயனும் இருந்தது. பறவைகளைத் தோல் கெடாமல் வீழ்த்தி அருங்காட்சியகத்துக்குச் சேகரிப்பவர்கள் மிக நுண்ணிய ரவை நிரப்பிய சிறுதுளைத் துப்பாக்கிகளை நாடினார்கள். சலீம் அலி 1939–40-இல் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அக்காடுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த ஆர். சி. மோரிஸ் பிலிகிரிரங்கன் மலையில், ஹொன்னமெட்டித் தோட்டத்தில் வாழ்ந்துவந்தார். அன்றைய பறவையியல் மாதிரிகளைச் சுட்டுத்தான் சேகரித்தது; கண்ணாடி வழியே பார்த்து எழுதுவது மட்டும் போதும் என்ற நிலை பின்னர் வந்தது.

இத்துப்பாக்கிகளின் பிறப்பிடமான லியேஜ், ம்யூஸ் ஆற்றங்கரையில் நிலக்கரியும் இரும்பும் நீர்விசையும் ஒருங்கே கிடைத்த நகரம். அங்கே ஒரு துப்பாக்கியை ஒரே ஆலையில் ஒருவரே செய்வது அரிது. வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெசோன்வோ முதலிய ஊர்களில் குழல் செய்பவரும், வேறோர் ஊரில் பூட்டு செய்பவரும், தம் வீட்டுக் கொட்டிலிலேயே கட்டை செதுக்குபவரும் எனப் பலர் கை மாறி, கடைசியில் வணிகர் ஒருவரிடம் சேர்ந்தே ஒரு துப்பாக்கி முழுமையடைந்தது. இரும்பு, எஃகு ஆகியவற்றின் மெல்லிய கம்பிகளை முறுக்கி, உருளை ஒன்றின் மேல் சுற்றி, செந்தழலில் அடித்து ஒட்டவைக்கும் ‘டமாஸ்கஸ்’ குழல் வேலையில் அப்பள்ளத்தாக்கினர் உலகிலேயே தேர்ந்தவர்களாக இருந்தார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் துப்பாக்கிக்காரர்களே அங்கிருந்து குழல்களை வாங்கினார்கள். பழைய பெல்ஜியத் துப்பாக்கியின் குழல்மேல் மரவரிபோல் ஓடும் அழகிய கோலம் இந்த முறுக்கின் தடமே. இதைக் கண்டு மயங்கியவர் பலர். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் லியேஜ் சோதனைச் சாலை ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிய குழல்களைச் சோதித்தது. இத்தொழில் 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை நகரைக் கைப்பற்றியதும் நிலைகுலைந்தது; முறுக்குக் குழல் வேலை அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

சோதனைச் சாலை என்பதே இத்துப்பாக்கிகளின் உண்மையான ஆவணக் காப்பகம். துப்பாக்கிக் குழலில் வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்தை இட்டுச் சுட்டு, வெடிக்காமலும் வீங்காமலும் நின்றால் மட்டுமே முத்திரையிடும் வழக்கத்தை, 1672-இல் லியேஜின் இளவரச ஆயர் மாக்ஸிமிலியன் ஹென்றி ஆணையிட்டுத் தொடங்கினார். அந்நகரச் சந்தைவெளியில் நிற்கும் பெரோன் என்ற தூணின் வடிவம் அன்று முத்திரையாக எடுக்கப்பட்டு, இன்றுவரை சிறு மாற்றங்களுடன் நீடிக்கிறது. 1810-இல் நெப்போலியனின் ஆணைக்குப் பின், முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ரோமன் எழுத்துகளும் ஒரு விண்மீனும் அமைந்த முத்திரை வந்தது. 1893-இல் அதன் தலைமேல் ஒரு மகுடம் சேர்க்கப்பட்டது. ஆகவே மகுடமில்லாத முட்டை 1893-க்கு முந்தையது, மகுடமுள்ளது அதற்குப் பிந்தையது என்பதே காலம் அறியும் முதல் படி. இந்த மூன்று எழுத்துகளை ஒரு கம்பெனியின் பெயராகக் கொள்வதே பெல்ஜியத் துப்பாக்கிகளைப் பற்றிய பிழைகளில் மிகப் பரவலானது. அது செய்தவன் பெயரன்று, சோதித்தவன் சான்று. பிராங்கோட் போன்ற பெருங்கடையின் விலையுயர்ந்த துப்பாக்கியிலும், பெயரே இல்லாத கொட்டிலில் செய்த மலிவுத் துப்பாக்கியிலும் அதே முட்டைதான் இருக்கும்.

முத்திரைகளைக் காண வேண்டுமானால் துப்பாக்கியைப் பிரிக்க வேண்டும். முன்கைக் கட்டையைக் கழற்றி, குழலை அடிப்பெட்டியிலிருந்து விலக்கி, குழலின் அடிப்புறத்தில் தட்டையாகச் சீவப்பட்ட பகுதியை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால், அரிசி மணியளவிலான குறிகள் வரிசையாகத் தெரியவரும். கைகோத்த ஈ, எல் எழுத்துகள் முதல்நிலைச் சோதனையைக் குறிக்கும். தனியொரு எழுத்தின் தலையில் விண்மீனோ மகுடமோ இருந்தால் அது சோதித்த அலுவலரின் கைக்குறி. சாய்சதுரக் கட்டத்துக்குள் ஓர் எண்ணும் ‘சி’ என்ற எழுத்தும் இருந்தால், அவ்வெண் தோட்டா அமரும் அறையின் போரைக் குறிக்கும். அதற்குப் பக்கத்தில் 14.1, 18.2 போன்ற எண்கள் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் தருபவை. பிற்காலத் துப்பாக்கிகளில் குழலின் எடை கிலோகிராமில் பொறிக்கப்பட்டது. தராசில் இன்றுள்ள எடை அதைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால், யாரோ துருவை நீக்க உள்ளே தேய்த்தோ வெளியே அராவியோ சுவரை மெலியவைத்திருக்கிறார்கள் என்று பொருள். 1922-க்குப் பின் சோதித்த ஆண்டையே ஓர் எழுத்தால் குறிக்கும் வழக்கமும் வந்துவிட்டது.

இவற்றுள் உயிரோடு தொடர்புடைய குறி ஒன்றுதான்: நிற்கும் சிங்கமும் அதன் கீழ் பி, வி என்ற எழுத்துகளும். அவ்வெழுத்துகள் ‘விரைவு மருந்து’ என்ற பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். அதாவது புகையற்ற வெடிமருந்தைக் கொண்டு அக்குழல் சோதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான உறுதி. அக்குறி இல்லாத குழல் கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த கருமருந்தும், நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையிலான புகையற்ற மருந்தும் ஒரே வேகத்தில் ரவையைத் தள்ளினாலும், குழலுக்குள் அவை எழுப்பும் அழுத்தத்தின் அளவும் அது உச்சத்தைத் தொடும் இடமும் வேறு. முறுக்குக் குழலில் நூற்றாண்டுக் காலம் கருமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து, ஒட்டிய விளிம்புகளின் வழியே உள்ளூறத் துருவேறியிருக்கலாம். அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியும் அடையாளங்களும் உண்டு. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாயிலிருந்து பார்க்கும்போது உள்ளே ஒரு நிழல் வளையம் தோன்றினால் அது வீக்கம். குழலைக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டு மரச்சிம்பால் தட்டும்போது மணிபோல் நாதம் நீளாமல் மொத்தென்று அடங்கினால், இரு குழல்களையும் இணைத்திருக்கும் விலாப்பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. முன்கைக் கட்டையைக் கழற்றிய நிலையில் குழல் அடிப்பெட்டிக்குள் பக்கவாட்டில் ஆடினால் பூட்டு தேய்ந்திருக்கிறது. இப்படி எதையும் காட்டாத குழலும் பி, வி குறி இன்றி இருந்தால், அதைக் கருமருந்தோடு மட்டும், அதுவும் தேர்ந்த ஆயுதக் கம்மியர் பார்த்த பிறகு சுடுவதே உலகெங்கும் பழந்துப்பாக்கி அறிந்தவர்கள் ஏற்ற விதி. டமாஸ்கஸ் குழலைப் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிடும் சோதனையாளர்களும் உண்டு. பி, வி குறி பெற்ற முறுக்குக் குழல்களும் இருக்கின்றன. ஆனால் வாதத்தில் வெல்வதற்கும் கைவிரல் இருப்பதற்கும் உள்ள தொலைவை நினைத்தால், ஐயம் உள்ளவரை சுவரில் மாட்டுவதே நல்லது.

அடுத்த கண்ணி அறையின் நீளத்தில் இருக்கிறது. முற்கால இருபத்தெட்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஐரோப்பாவில் வழங்கிய அறை 65 மில்லிமீட்டர். இன்றைய பொதுவான தோட்டா 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் போகவே போகாது என்று நினைப்பதே இயல்பு, நடப்பது அதுவல்ல. தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் எழுதப்பட்டிருப்பது சுட்டு வாய் திறந்த பின் இருக்கும் நீளம். சுடுவதற்கு முன் அதன் வாய் நட்சத்திரம்போல் மடிக்கப்பட்டிருப்பதால், 70 என்று எழுதிய தோட்டா அறைக்குள் நுழையும்போது ஏறத்தாழ 60 மில்லிமீட்டரே இருக்கும். துப்பாக்கி தடையின்றி மூடிக்கொள்ளும். சுட்டதும் மடிப்பு விரிந்து, அறை முடிந்து துளை குறுகும் இடத்தில் போய் ரவையின் வழியை நெருக்க, அழுத்தம் எகிறும். நானூற்றுப்பத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அதன் பழைய அறை 50 மில்லிமீட்டருக்கும் சற்று மேல், பின்வந்தவை 63-ம் 76-ம். இன்னொரு மயக்கம் ஐரோப்பியப் பெயரிடலில் இருந்து வருகிறது. நானூற்றுப்பத்துத் தோட்டாவை அங்கே ‘12 மில்லிமீட்டர்’ என்றும், முப்பத்திரண்டு போர்த் தோட்டாவை ‘14 மில்லிமீட்டர்’ என்றும் அழைப்பது வழக்கம். இவ்வெண்கள் அறையைச் சுற்றிய அளவே தவிரத் துளையின் அளவல்ல. இருபத்தெட்டு போரின் துளையும் 14 மில்லிமீட்டரே என்பதால், குழலடியில் 14 என்று இருப்பது எதைக் குறிக்கிறது என்பதை அறையையே அளவுக்கருவியால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். உரிம ஏட்டில் ‘12’ என்று எழுதப்பட்ட ஒரு மெலிந்த ஒற்றைக்குழல், பன்னிரண்டு போராக இல்லாமல் 12 மில்லிமீட்டராக இருப்பதற்கும் இதனால் வழியுண்டு. சிறிய தோட்டாவைப் பெரிய குழலுக்குள் விடுவது இன்னும் கொடிது: இருபது போர்த் தோட்டா பன்னிரண்டின் அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று குழலுக்குள் சிக்கிக்கொள்ள, அதை அறியாதவன் பின்னால் சரியான தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இருபது போர்த் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவதன் காரணம் இதுவே.

குழலின் மேற்புறத்தில் இருக்கும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக்கடையாகவே இன்று நினைவுகூரப்பட்டாலும், துப்பாக்கிகளிலும் அதன் பெயர் பொறிக்கப்பட்டது. கல்கத்தாவின் மாண்டன், ரோடா முதலிய கடைகளின் பெயர்களும் அவ்வாறே. இவை விற்றவர் பெயர்கள். செய்தவர் பர்மிங்காமிலோ லியேஜிலோ இருந்தார். லண்டன் வழியே வந்த பெல்ஜியத் துப்பாக்கிகள் சிலவற்றில் ‘ஆங்கிலேயத் தயாரிப்பு அல்ல’ என்று பொருள்படும் சொற்கள் ஆங்கிலச் சோதனை முத்திரையோடு அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்க, மேற்புறத்தில் ஆங்கிலக் கடைப்பெயர் தங்கமுலாமில் மின்னும். வாங்கியவன் மேற்புறத்தை மட்டும் படித்தான். எழுத்தரும் அதையே ஏட்டில் எழுதினார். சில பெல்ஜியக் குழல்களில் ‘குண்டுக்கு உரியதல்ல’ என்ற பிரெஞ்சுத் தொடரும் உண்டு. வாய் குறுக்கப்பட்ட அத்தகைய குழலில் ஒற்றைக் குண்டு இட்டால் வாயருகே குழல் கிழியும். பன்றிக்கென்று ஒற்றைக் குண்டைக் கெட்டிக்கும் வழக்கமுள்ள நாட்டில், பிரெஞ்சில் எழுதப்பட்ட அந்த எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டத்தின் வரலாறு இத்துப்பாக்கிகளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. வைசிராய் லிட்டன் காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1930 ஜனவரியில் காந்தியடிகள் அரசுக்கு முன்வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமமும் ஒன்று என்பது, அகிம்சையோடு சேர்த்து அவரை நினைப்பவர்களுக்கு இன்றும் வியப்பூட்டும். கொள்ளேகாலத்துக் குடியானவனுக்கு அச்சட்டம் நேராகப் பொருந்தியது. மலைக்கு மேற்கே சமஸ்தானம் தன் ஒழுங்குமுறைகளோடு இயங்கி, 1901-இல் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கும் ஒழுங்குமுறை ஒன்றைப் பிறப்பித்தது. அதற்கும் மேற்கே குடகில் 1861-இலேயே குடவர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்போருக்கும் உரிமமின்றி ஆயுதம் வைத்துக்கொள்ள விலக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அது பிற்காலச் சட்டங்களிலும் தொடர்ந்து, இன்றும் அங்கே துப்பாக்கி குடும்பச் சடங்கின் ஒரு பகுதியாக இருக்கிறது. சாமராஜநகரில் அப்படி எதுவும் வளரவில்லை.

விடுதலைக்குப் பின் 1959-இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம், பயிர்க்காவலுக்கு நேர்மையாகத் தேவைப்படுபவருக்கு முன்வாய்த் துப்பாக்கி, அதாவது மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியே இட்டுக் கம்பியால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி, வைத்துக்கொள்ள உரிமம் வழங்க வகைசெய்தது. பின்புறம் மடித்துத் தோட்டா இடும் துப்பாக்கிக்கோ குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தற்காப்பும் விளையாட்டும் காரணங்களாக ஏற்கப்பட்டன. உரிமத் தாளில் முன்னதை எஸ்.பி.எம்.எல். என்றும் பின்னதை ஒற்றைக்குழலாயின் எஸ்.பி.பி.எல்., இரட்டைக்குழலாயின் டி.பி.பி.எல். என்றும் சுருக்கி எழுதுவார்கள். இப்பிரிவினையின் விளைவு என்னவென்றால், பரணில் இருந்து பன்றியை விரட்ட நாட்டுத் துப்பாக்கியே உரிய கருவி என்பது சட்டத்தின் பார்வையாயிற்று. சிறுதுளைப் பெல்ஜியத் துப்பாக்கி பண்ணையார் வீட்டுச் சுவருக்குரியதாயிற்று. இரவில் யானை கொல்லையில் இறங்கும்போது குண்டில்லாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிக்கும் வெத்துவேட்டுக்கு, நாட்டுத் துப்பாக்கியின் கருமருந்து எழுப்பும் பெருமுழக்கமும் புகையுமே பொருத்தம் என்பதும் உண்மைதான். இருபத்தெட்டு போரின் மெல்லிய சத்தம் யானைக்கு ஒரு பொருட்டல்ல.

சிறுதுளையை உண்மையில் முடக்கியது தோட்டாத் தட்டுப்பாடு. இங்கிலாந்தின் ஈலி, கைனாக் நிறுவனங்களின் தோட்டாக்கள் பெருநகரக் கடைகளில் கிடைத்த காலம் போய், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் இறுகியபின் உள்நாட்டு அரசுத் தொழிற்சாலைகளில் செய்த பன்னிரண்டு போரே பொதுவழக்காயிற்று. இருபத்துநான்கும் முப்பத்திரண்டும் வைத்திருந்தவனுக்குப் பழைய பித்தளை உறைகளை மீண்டும் நிரப்பிக்கொள்வது ஒரு வழியாகத் தெரிந்தது. கையில் கிடைத்த மருந்து எது என்று அறியாமல், அது கருமருந்தா வேறா என்று அறியாமல் கண்ணளவில் இட்டு நிரப்புவது எவ்வளவு தீங்கானது என்பதை மேலே சொன்ன அழுத்தக் கணக்கே காட்டும். ரவைக்குப் பதிலாக மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளை இடும் பழக்கம் நாட்டுத் துப்பாக்கிகளில் இருந்து வந்தது. எஃகுக் குண்டுகள் பழைய பெல்ஜியக் குழலின் மென்மையான உட்சுவரைக் கீறிவிடும், வாய் குறுக்கப்பட்டதாயின் உப்பவும் வைக்கும். வெளியே நீண்டு நிற்கும் சுத்தியுடைய துப்பாக்கிகளில் மிகப் பழையவற்றில், சுட்டபின் சுத்தி தானே பின்வாங்காமல் ஊசியின் மேலேயே படிந்திருக்கும். தோட்டாவோடு அதைத் தோளில் தூக்கி நடக்கையில் ஒரு கிளை பட்டாலும் சுத்தியின் வழியே ஊசிக்கு அடி விழலாம். பாதியளவு தூக்கி நிறுத்தும் பல்லும் தேய்ந்திருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அத்தகைய துப்பாக்கியைச் சுடும் இடத்துக்குத் திறந்தபடியே எடுத்துச் சென்று, சுட நிற்கும்போது மட்டுமே தோட்டா இடுவது வழக்கமாக வேண்டும்.

1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற காரணத்தைப் பெரிதும் குறுக்கியது. அதன் 34-ஆம் பிரிவு பலரும் கவனிக்காத ஒன்று: சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளும் வாழும் உரிமதாரர் தம் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும், அச்சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன்னிசைவின்றி வழங்கப்படக் கூடாது. ஏறத்தாழ பாதி நிலம் காடாக உள்ள சாமராஜநகரில், 1973-இல் முதல் ஒன்பது புலிக் காப்பகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட பந்திப்பூரும், பிலிகிரிரங்கன் மலைச் சரணாலயமும், காவிரிச் சரணாலயமும், 2013-இல் அறிவிக்கப்பட்ட மலை மாதேஸ்வரன் சரணாலயமும் சேர்ந்து வரையும் பத்துக் கிலோமீட்டர் வட்டங்களை வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், அவற்றுக்கு வெளியே நிற்கும் ஊர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோபிநத்தத்தில் பிறந்த சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்படும்வரை நீடித்த தேடுதல் வேட்டைக் காலத்தில், தமிழ் பேசும் மலைக்கிராமங்களில் துப்பாக்கி என்ற சொல்லே ஐயத்துக்கு இடமாயிற்று. மேலும் ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நடைமுறை இருக்கிறது. எண்ணெய் பூசாமல் ஈரமான அறையில் மாதக்கணக்கில் சாத்திவைக்கப்படும் முறுக்குக் குழல் துருவேற அதுவே போதும்.

உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து, வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்ற பின்பே திரும்பப் பெற முடியும் என்பது சட்டம். அப்படி ஒப்படைக்கும்போது, ‘இது தாத்தா காலத்துப் பழம்பொருள், சுடுவதற்கு ஆகாது, ஆகவே உரிமம் தேவையில்லை’ என்ற வாதம் அடிக்கடி எழும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழமையான, வழக்கொழிந்த, பழுதடைந்த ஆயுதங்களுக்கு விலக்களிப்பது மெய்யே. ஆனால் பழுது பார்த்தும் பாராமலும் எவ்வகையிலும் சுட இயலாததாக அது இருக்க வேண்டும் என்பது அதே பிரிவின் நிபந்தனை. பி, வி குறி இல்லாத, அறை குறுகிய, துருவேறிய ஓர் இருபத்தெட்டு போர் முறுக்குக் குழல் சுடுபவனுக்கு எவ்வளவு ஆபத்தானதாயினும், அதன் சுத்தி விழுந்து ஊசி தோட்டாவைத் தொடும்வரை சட்டத்தின் கண்ணில் அது முழுமையான துப்பாக்கியே.